குளத்துக்குள் ஒரு மாடிவீடு

பத்து வயதில் எனக்கு ஒரு ஊரின் வரலாறு முழுவதும் தலைகீழ்ப் பாடம். அந்த ஊரை நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் பிறந்தது சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில், வளர்ந்தது அதே நகரத்தின் சீசா என்ற பகுதியில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில். என்றாலும் ஒல்லாந்தர் எங்கள் ஊரில் கோட்டை கட்டியதும், ஆங்கிலேயர் அதற்குப் பக்கத்தில் கச்சேரி வைத்ததும், முதல் பஸ் வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் எனக்கு நாக்கு நுனியில் இருந்தன. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல. மாவட்டம் முழுவதையும் நிர்வகிக்கும் அரசாங்கக் கந்தோரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கந்தோர் இருந்தபடியால் எங்கள் ஊர் ஒரு மாவட்டத்தின் தலைநகர். ஒரு பெரிய தெருவும் நாலைந்து சின்னத் தெருவும் மட்டுமே உள்ள தலைநகர் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

வரலாற்றை எழுதியவர் பெரியப்பா. ஊரில் அவர் கச்சேரியின் காணிப் பகுதியில் தலைமைக் கிளாக்கர். யாருடைய காணி எங்கே தொடங்கி யாருடைய வேலியில் முடிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பலெர்மோவில் அவர் மூன்று கட்டடங்களின் படிகளைக் கழுவித் துடைத்தார். படி துடைக்கும்போதுதான் தனக்கு வரலாறு நன்றாக ஓடும் என்பார். மேல் மாடியில் ஒல்லாந்தரில் தொடங்கினால் கீழ் வாசலுக்கு வரும்போது சுதந்திரம் கிடைத்துவிடுமாம்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இத்தாலிக்காரர்கள் இறைச்சி வாட்டித் தின்ன வெளியூர் போய்விடுவார்கள். வேலை தரும் வீட்டுக்கார சிஞ்ஞோராமார் வீட்டில் இல்லையென்றால் எங்கள் அம்மாமாருக்கும் வேலை இல்லை. அதனால் எங்கள் ஊர்க்காரர்களின் வருடாந்த ஒன்றுகூடல் அந்த நாளில், நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரு மாதா கோயிலின் மண்டபத்தில் நடக்கும். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் வருவார்கள். பெரியப்பா எழுதிய ஊர் வரலாற்றை மேடையில் ஏறி ஒப்புவிப்பது என் வேலை. மூன்று வருடம் தொடர்ந்து ஒப்புவித்தேன். பலெர்மோவில் பிறந்த பிள்ளைக்கு என்ன தமிழ் என்று பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிற ஒரு அன்ரி, தன் சிஞ்ஞோரா தந்த பெரிய ஈஸ்டர் சொக்கிலேட் முட்டையை அப்படியே மினுங்கல் தாளோடு என்னிடம் தருவார். அந்த முட்டைக்குள் ஒரு சின்னப் பரிசும் இருக்கும். எனக்கு நிகர் யாருமில்லை என்று நான் நம்பியதில் என் பிழை என்ன இருக்கிறது?

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று ஒரு பழமொழி இருப்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த வருடம் தை மாதத்தில் சர்க்கரை வந்து சேர்ந்தது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சில வருடங்களாக எங்களோடு பலெர்மோவில் இருந்தார். பெர்மெசோ என்கிற அவருடைய வதிவிட அனுமதிக் கடதாசிகள் ஒருவழியாகச் சரிவந்து, மாமியும் மகளும் ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். மகள் எனக்கு மச்சாள். என்னைவிட ஒரு வயது மூப்பு. வேறு வீடு கிடைக்கும்வரை அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். என் கட்டிலில் பாதி அவளுக்குப் போனது. என் அலுமாரியில் ஒரு தட்டும் போனது. பின்னிவிட்டால் இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமயிர் அவளுக்கு. என்னுடையது அம்மாவுக்கு நேரமில்லாத காரணத்தால் காதோடு வெட்டப்பட்டது. அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் சிசிலிக்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறேன் என்பதை, அவள் வாயைத் திறந்த அன்றுதான் வீட்டில் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வீடு நிறைந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அவளைப் பார்க்க வந்தார்கள். மாமியைப் பார்க்கவும் வந்தார்கள்தான், ஆனால் மாமி அதிகம் பேசாத மனுஷி. எதைக் கேட்டாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விடுவார். ஆகவே எல்லோரும் மச்சாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அதுவும் என் கதிரையில் அவளை இருத்தி. ஒவ்வொருவராக நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கடை வீடு நிக்குதோ என்று கேட்டார்கள். மச்சாள் கண்ணைக் கொஞ்சம் சுருக்கி யோசிப்பாள். பிறகு சொல்வாள், "ஓம், நிக்குது."

வெறுமனே நிற்கிறது என்று சொல்லி விடமாட்டாள். ஒருவரின் கேற்றுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கும். இன்னொருவரின் செம்பரத்தை மதிலுக்கு மேலே வந்திருக்கும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பும்போது அவள் மடியில் சொக்கிலேட்டோ காலுறையோ தலைக்குப் போடும் கிளிப்போ விழும். எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஊரிலிருந்து ஒரு பிள்ளை வந்தால் அது வேலி வேலியாக ஊர் முழுவதையும் பார்வையிட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கும் என்று நம்புவார்கள். நான் பலெர்மோவில் பிறந்தவள். பகேரியாவில் ஒரு வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியுமா?

பகேரியா அன்ரி ஒரு வியாழக்கிழமை வந்தார். அங்கே ஒரு பழைய மாளிகையில் கிழவி சிஞ்ஞோரா ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருப்பவர் அவர். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வெளியே வரலாம். அவர் மற்றவர்களைப் போல அவசரப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் மச்சாளின் கையைப் பிடித்தார். கோயிலடித் தெருவில் மூன்றாவது வீடு, முன்னால் முற்றம், வாசலில் சிவப்புத் தரை, அது அவருடைய மனுசன் தன் கையால் போட்டது என்று விளக்கம் சொன்னார். மனுசன் இப்போது இல்லை.

"ஓம் அன்ரி, நிக்குது. முத்தம் கூட்டியிருக்கு."

"முத்தம் கூட்டியிருக்கோ? ஆர் பிள்ளை கூட்டினது?"

"அது தெரியேல்லை அன்ரி. ஆனா வடிவாய்க் கூட்டியிருந்தது."

அன்ரி அன்றைக்கு அழுத அழுகையில் கடைசி ரயிலைத் தவறவிட்டிருப்பார். அப்பாதான் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அன்ரி வந்தார். வந்தால் நேரே மச்சாளிடம்தான். நான் கதவைத் திறந்துவிடும் ஆளாக மட்டும் இருந்தேன்.

ஒரே ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்களில் மச்சாளிடம் எதுவும் கேட்காதவர் என் அம்மா ஒருவர்தான். ஊரில் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் மாமாவின் குடும்பம் குடியிருந்தது. ஆகவே மற்ற எல்லாரையும்விட அம்மாவுக்குத்தான் கேட்பதற்குக் கூட விஷயம் இருந்திருக்கும். ஆனாலும் கேட்கவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டார், சோறு போட்டார், இத்தாலிய எழுத்துச் சொல்லிக்கொடு என்று என்னைக் கலைத்தார், அவ்வளவுதான். அம்மா என் கட்சி என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

இதெல்லாம் பொறுத்திருப்பேன். ஆனால் பங்குனி மாதத்தில் பெரியப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. இந்த முறை வரலாற்றை ஒப்புவிப்பது மட்டும் போதாது, ஊரின் வரைபடம் ஒன்றைக் கீறி மண்டபத்தில் மாட்ட வேண்டும், ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். தேர்தலுக்கு ஒட்ட வந்து மிஞ்சிப்போன பெரிய போஸ்டர்கள் நாலை எங்கிருந்தோ கொண்டுவந்து, வேட்பாளர்களைக் குப்புறக் கிடத்தி, பின்பக்கத்து வெள்ளையில் கோடு போடத் தொடங்கினார். முன்பென்றால் அடிமட்டம் பிடிப்பதற்கு என்னைக் கூப்பிடுவார். இப்போது மச்சாளைக் கூப்பிட்டார். தபால் கந்தோர் பஸ் நிலையத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பெரியவர்களுக்குள் சண்டை வந்தால் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. வர்ணம் தீட்டுவதற்கு என்னுடைய பள்ளிக்கூடப் பெட்டியை எடுத்தார்கள். திருப்பித் தந்தபோது நீலம் இருந்த குழியில் தகரம் தெரிந்தது. ரோஷத்தில் நான் அந்த வரைபடம் இருந்த பக்கமே போகவில்லை.

பிறகு பெரியப்பா சொன்னார், இந்த முறை வரலாற்றை மச்சாளே சொல்லட்டுமாம், கையில் தடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டட்டுமாம். எனக்கு ஒரு வேலை ஒதுக்கியிருந்தார். பலகாரத் தட்டோடு மண்டபத்தைச் சுற்றி வருவது.

நான் தமிழிலும் இத்தாலியனிலும் மாறி மாறிக் கத்தினேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஒருக்கா அவளும் செய்யட்டுமன். உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?" என்றார். எனக்கு எல்லாமே குறைந்துபோயிருந்தது. அந்த மேடை இல்லையென்றால் நான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யார்? வாயில் ழகரம் நுழையாத, காதோடு மயிர் வெட்டிய ஒரு பெட்டை. அவ்வளவுதானே.

பொறாமைக்குக் கண் கூர்மை. ஒரு நாள் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. மச்சாள் இதுவரை ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. சீசாவில் சண்டை எதுவும் நடக்காமலேயே அந்த மாரியில் எங்கள் எதிர்க் கட்டடத்தின் பல்கனி ஒன்று இடிந்து விழுந்தது. அங்கே குண்டு விழுகிற ஊரில் ஒரு வேலிகூடவா சரியவில்லை? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்திருந்தேன். இவளுடையது எட்டு வாரத்தைத் தாண்டிவிட்டது.

அவளைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு பின்னேரம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், பெரியவர்கள் செய்கிற மாதிரியே பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"மச்சாள், அப்பான்ரை சிநேகிதர் ஒராளின்ரை வீடு. கச்சேரிக்குப் பின்னாலை, மாடிவீடு. பச்சைக் கேற். மேலை புறாக்கூடு வைச்சிருக்கு. நிக்குதோ?"

அப்படி ஒரு வீடு உலகத்திலேயே கிடையாது. நான் படுக்கையில் கிடந்து கட்டிய வீடு அது. மச்சாள் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், நிக்குது."

"புறா?"

"புறாவும் நிக்குது," என்றாள். சொல்லிவிட்டு என் கையை ஒருதரம் அழுத்தினாள். பிடிபட்டது கள்ளம் என்று எனக்குள் ஒரே குதூகலம். ஆனால் உடனே சொல்லவில்லை. வீட்டுக்குள் சொன்னால் அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவிடுவார். சொல்கிறதென்றால் சபையில் சொல்ல வேண்டும்.

மனம் மாறுவதற்கு எனக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று பகேரியா அன்ரி வந்தார். கையில் என் முழங்கால் உயரத்துக்கு ஒரு முட்டை, ஊதா நிற மினுங்கல் தாள் சுற்றியது. நான் கதவடியிலேயே கையை நீட்டினேன். அன்ரி சங்கடப்பட்டு, இந்த முறை அவளுக்குக் குடுப்பம், நீ பெரிய பிள்ளையெல்லோ என்றார். அவள்தான் என்னைவிடப் பெரியவள் என்பதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பலன் இல்லை. அன்றே மச்சாள் முட்டையை உடைத்து, பெரிய துண்டை எனக்கு வைத்தாள். உள்ளே இருந்த சாவிக்கோர்வையையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். பிச்சை போடுகிறாள் என்று நினைத்து இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். மனம் மாறவில்லை.

திங்கட்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே தெருவில் கரி மூட்டி இறைச்சி வாட்டுகிற புகை யன்னலால் உள்ளே வந்துகொண்டிருந்தது. வரைபடம் மேடைச் சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு தொங்கியது. மச்சாள் மஞ்சள் பாவாடை சட்டையில், எங்கள் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கைப்பிடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒல்லாந்தரில் தொடங்கினாள். நான் வாய்ப்பன் பலகாரத் தட்டோடு வரிசைகளுக்கு இடையில் நடந்தேன். ஒருவரும் வாய்ப்பன் எடுக்கவில்லை. எல்லோரும் தடியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தங்கள் வீட்டடிக்கு வரும்போது கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஒப்புவித்த மூன்று வருடத்திலும் யாரும் அப்படி நிமிர்ந்ததில்லை.

முடிந்ததும் கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பெரியப்பா. நான் தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டு, இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் பழக்கிய மாதிரி ஒரு விரலை உயர்த்தினேன். பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கச்சேரிக்குப் பின்னாலை பச்சைக் கேற் போட்ட மாடிவீடு, எங்கை எண்டு காட்டச் சொல்லுங்கோ."

மச்சாள் என்னைப் பார்த்தாள். தடி மெதுவாக உயர்ந்து, கச்சேரிக்குப் பின்னால் போய், ஒரு பெரிய நீல வட்டத்துக்கு நடுவில் நின்றது. என் பெட்டியின் நீலம் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இஞ்சை," என்றாள். "நிக்குது."

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அது குளமெல்லோ பிள்ளையள்! குளத்துக்குள்ளை ஆர் மாடி கட்டினது?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. கச்சேரியை அண்டிய குளம் என்று மூன்று வருடம் மேடையில் முழங்கியவள் நான். மனப்பாடம் செய்தவளுக்குத் திசை தெரியாமல் போயிற்று. அந்தக் குளத்துக்கு நீலம் அடித்தவள் மச்சாள், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் அன்றைக்கு அதை யோசிக்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாக இது ஒரு சின்னப்பிள்ளை விளையாட்டாய்ப் போய்விடும் என்ற பயம்தான் எனக்கு வந்தது. கதிரையில் ஏறி நின்று கத்தினேன்.

"அப்பிடி ஒரு வீடே இல்லை! நான் சும்மா பொய்க்குக் கேட்டது. கேட்டதெல்லாத்துக்கும் நிக்குது நிக்குது எண்டுதான் இவள் சொல்லுறவள். உங்கள் எல்லாருக்கும் பொய்தான் சொன்னவள்!"

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன் வரிசையில் நின்றது, பிறகு நடுவில், கடைசியாகப் பின்னால் பிள்ளைகளிடத்தில். மாமா நிலத்தைப் பார்த்தார். பகேரியா அன்ரி தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பாதியில் நின்றார்.

"அப்ப அந்த முத்தம்..." என்றார்.

ஏன் பிள்ளை அப்படிச் சொன்னாய் என்று பெரியப்பா மச்சாளிடம் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. அவள் தடியைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

"எல்லாரும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவை," என்றாள்.

யாரும் அவளை ஏசவில்லை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஒரு கள்ளியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு மனிதர்கூட எனக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்தை எப்படி முடித்துவைப்பது என்று தெரியாமல் பெரியப்பா கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டார், நீ வந்து வரலாற்றைச் சொல்லு பிள்ளை என்று. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மேடையில் ஏறி, ஒல்லாந்தர் காலத்திலிருந்து முதல் பஸ் வரைக்கும் ஒரு பிழையும் விடாமல் சொன்னேன். அந்த வருடம்தான் நான் மிக நன்றாகச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எல்லோரும் எனக்குப் பின்னால் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டுகளை.

வீட்டுக்குத் திரும்ப பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, வாய் திறக்காத மாமி வாய் திறந்தார். மச்சாள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டே ரெண்டு வரியமாச்சு," என்று மாமி அப்பாவிடம் சொன்னார். "பிறகு ஒரு பள்ளிக்கூடத்திலை அகதியாய் இருந்து, கொழும்புக்கு வந்து... அவளுக்கு என்ன தெரியும்? அவள் கண்டது எங்கடை தெருவை மட்டுந்தான். நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு அந்தத் தெருவிலை ஒரு வீடும் நிக்கேல்லை. எங்கடையும்..." அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியுந்தானே," என்றார் அம்மா. "நீங்கள் எழுதின கடிதம் அப்பவே வந்தது."

அம்மா ஏன் எதுவும் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் என் கட்சி என்ற எண்ணத்தைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களைப் போல என் அம்மா ஏமாளி இல்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டேன். அம்மா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் பஸ் ஏறினேன். அடிக்கவில்லை, ஏசவில்லை. சீசா வரும்வரை என் தலையில் ஒரு கையை வைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன் பகேரியா அன்ரி வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. வீடு பழையபடி எங்கள் வீடு மாதிரி இருந்தது, என் கதிரை எனக்குக் கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து, தோளில் பையோடு குசினிப் பக்கம் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், மச்சாள் முக்காலியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கத்தியை வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். இன்னொரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மச்சாளின் உள்ளிக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

"பிள்ளை, எங்கடை முன்னறை யன்னல். அது திறக்கேக்கை இப்பவும் கிறீச்செண்டு சத்தம் போடுதோ?"

மச்சாள் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினாள்.

"ஓம் மாமி. அம்மா எண்ணெய் எல்லாம் விட்டுப் பாத்தவ, ஒண்டுக்கும் கேக்கேல்லை. காலமையிலை அந்தச் சத்தத்துக்குத்தான் நான் எழும்புறனான்."

"ஓம், அது அப்பிடித்தான்," என்று அம்மா சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். கடிதம் வந்தது. மாமியும் வாயால் சொல்லிவிட்டார். ஒரு மண்டபமே பார்க்க அந்தப் பொய்யை நான் உடைத்துக் காட்டினேன். இவ்வளவுக்கும் பிறகு அதே பொய்க்காரியிடம் போய், அதே மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற ஒரு முட்டாள் அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிடத் தாங்க முடியாதது இன்னொன்று. கேட்கிறதென்றால் என்னைக் கேட்டிருக்கலாம். நானும்தான் சொல்லியிருப்பேன். யன்னல் சத்தம் மட்டுமா, விடியக்காலையில் அதில் வந்து இருக்கிற குருவியைக்கூட, அவளைவிட வடிவாகச் சொல்லியிருப்பேன்.